ஒரு குரலின் ஏற்றமும் இறக்கமும்

பழனி மலைக்குப் படியேறிச் செல்கிறவர்களில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் உண்டு. 693 படிகள் என்று பெருமையோடு சொல்லுவார்கள். இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. ஏறிய படிகளும் இறங்கிய படிகளும் ஒன்றேதான். ஆயினும் ஏற்றத்துக்கு உள்ள கணக்கு இறக்கத்துக்கு இல்லை. புகழ் பெற்ற கலைஞர்களின் வாழ்க்கையை நாம் நினைவில் வைத்துக்கொள்ளும் முறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அவர்கள் உயர்ந்த கதையை ஆண்டு வாரியாகச் சொல்லுகிறோம். அவர்கள் தாழ்ந்த கதையை மட்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே காரணத்தில் முடித்துவிடுகிறோம்.

கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்வதற்கு இன்று மிகுதியாகப் பயன்படும் சாதனம் ஆவணப்படம். மேல்நாடுகளில் ராக் இசைக் கலைஞர்களைப் பற்றி எண்ணற்ற ஆவணப்படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரே அச்சு. ஏழைக் குடும்பத்தில் பிறந்த இளைஞன், அரிய குரல், திடீரென்று வந்த புகழ், பிறகு போதை, மனக் கலக்கம், தனிமை, இறுதியில் வீழ்ச்சி. பெயரை மாற்றினால் ஒருவர் கதை மற்றொருவருக்கும் பொருந்திவிடும். அவ்வளவு எளிதாகப் பொருந்துவதே நம்மை ஐயுறச் செய்ய வேண்டும். ஒரு மனிதனின் வாழ்வு நமக்குத் தெரியவருகிறதா, அல்லது ஓர் அச்சில் வார்க்கப்படுகிறதா? இந்த வினாவை நம் நாட்டுக் கலைஞர் ஒருவரை முன்வைத்து ஆராய விரும்புகிறேன். அவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அதற்குமுன் ஆவணம் என்பது யாது, ஆவணப்படம் என்பது யாது என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ஆவணம் என்பதன் பொருளை அறிய, இம்மலைப் பகுதியில் படிக்கும் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோடைக்கானலில் சூரியனை ஆராயும் வானாய்வகம் ஒன்று இருக்கிறது. 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1901 முதல் ஆராய்ச்சி நடத்திவரும் நிலையம் அது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்கின்றன என்பதை ஜான் எவர்ஷெட் என்ற அறிஞர் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். ஆனால் நான் இங்கே சொல்லவந்தது வேறு. 1904 முதல் அந்நிலையத்தார் நாள்தோறும் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வந்திருக்கிறார்கள். தொடக்க காலத்துப் படங்கள் கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பதை அந்த வரிசையில் காணலாம்.

அங்கே புள்ளிகள் பெருகிய நாளும் குறைந்த நாளும் ஒரே மதிப்போடு வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த நாள் அழகாக இல்லை என்று ஒரு தகட்டை யாரும் தள்ளிவிடவில்லை. மேகம் மூடிய நாளில் படம் இல்லை. அந்த நாள் வெற்றிடமாகவே நிற்கிறது. நேற்றைய படத்தையும் நாளைய படத்தையும் வைத்து இன்றைய சூரியனை ஒருவர் கற்பனையாக வரைந்து அங்கே செருகவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி வைப்பதும், தெரியாத இடத்தை வெற்றிடமாக விடுவதுமே ஆவணத்தின் ஒழுக்கம்.

ஆவணப்படம் இதனின்றும் வேறுபட்டது. அது சேர்ப்பதோடு நில்லாமல் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். தமிழரான ஏ. கே. செட்டியார் மகாத்மா காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். உலகின் பல பகுதிகளுக்குச் சென்று, பலரும் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். கிடைத்தவை ஏறத்தாழ 50,000 அடி. அவற்றிலிருந்து ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள படத்தை உருவாக்கி 1940இல் சென்னையில் வெளியிட்டார். சேர்த்ததில் நாலில் ஒரு பங்குதான் திரைக்கு வந்தது. இது குற்றமன்று, கலையின் நியதி. எனவே ஆவணப்படத்தைப் பார்க்கிறவர்கள் திரையில் காண்பதை மட்டும் கவனித்தால் போதாது. எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

விடுபட்டதனால் வரும் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்தில் ரோட்ரிகஸ் என்ற ராக் பாடகர் இருந்தார். 1970இலும் 1971இலும் அவருடைய இரண்டு இசைத்தட்டுத் தொகுப்புகள் வெளிவந்தன. தம் நாட்டில் விற்கவில்லை. அவர் இசைத் தொழிலை விட்டுக் கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போனார். அவர் அறியாமலே அந்தப் பாட்டுகள் தென் ஆப்பிரிக்காவில் பெரும் புகழ் பெற்றன. பாடகர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற வதந்தியும் அங்கே பரவியது. ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் உயிரோடு இருந்தார். 1998இல் தென் ஆப்பிரிக்காவுக்குச் சென்று பெருங்கூட்டத்தின் முன் பாடினார். இந்தக் கதையை ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற பெயரில் மாலிக் பெஞ்சலூல் 2012இல் படமாக்கினார். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. படத்தைப் பார்க்கிறவர்கள், இடையில் கழிந்த ஆண்டுகள் முழுவதும் அவரை உலகம் அடியோடு மறந்திருந்தது என்றே எண்ணுவார்கள். உண்மையில் ஆஸ்திரேலியாவில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 1979இலும் 1981இலும் அவர் அங்கே சென்று கச்சேரி செய்திருக்கிறார். படத்தில் அந்தச் செய்தி இல்லை. அது இருந்திருந்தால், புதையுண்டவர் மீண்டெழுந்தார் என்னும் கதையின் வேகம் குறைந்திருக்கும். படத்தில் வரும் ஒவ்வொரு செய்தியும் மெய்யாக இருந்தும், மொத்தத்தில் மனத்தில் படியும் சித்திரம் மெய்யினின்றும் சற்று விலகிவிடலாம் என்பதற்கு இது சான்று.

இனி நம் கலைஞரிடம் வருவோம். தியாகராஜ பாகவதர் 1910இல் மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது திருச்சியில். அங்கே எப். ஜி. நடேசய்யர் நடத்திய ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திர நாடகத்தில், சிறுவனாக லோகிதாசன் வேடம் பூண்டு மேடையேறினார். பிறகு முறையாகச் சங்கீதம் பயின்றார். நாடக மேடையில் புகழ் அடைந்தார். 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ என்ற படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார்.

அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே நடிகர்கள் உயர்ந்த சுருதியில், சொற்கள் சிதையாமல் பாடக் கற்றார்கள். பாகவதருடைய குரல் அந்தப் பயிற்சியில் உருவான குரல். பேசும் படம் வந்தபோது, பாடத் தெரிந்தவனே நடிகன் என்ற நிலை இருந்தது. நடிப்பவரே பாட வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் காலத்தின் தேவைக்கும் அவர் பெற்றிருந்த செல்வத்துக்கும் அவ்வளவு பொருத்தம் அமைந்தது. 1937இல் வந்த ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டே மதுரையில் ‘சிந்தாமணி’ என்ற பெயரில் ஒரு திரையரங்கு எழுந்தது. அதே ஆண்டில் ‘அம்பிகாபதி’. பிறகு ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது.

‘ஹரிதாஸ்’ திரைக்கு வந்த சில வாரங்களுக்குள் அந்த வழக்கு வந்தது. சினிமா நடிகர்களைப் பற்றி அவதூறாக எழுதிவந்த லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர், 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், வேறு சிலரும் கைதாயினர். ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்று கூற, 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று அங்கே தீர்ப்பாயிற்று. அவ்வாறே விசாரித்த உயர்நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. லட்சுமிகாந்தனைக் கொலை செய்வித்தவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அச்சில் வார்க்கும் வேலை தொடங்குகிறது. பாகவதரைப் பற்றி ஊர்களில் வழங்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தங்கத் தட்டில் உண்டார், புகழ் தலைக்கேறியது, சிறை புகுந்தார், எல்லாவற்றையும் இழந்தார். கேட்பதற்கு நீதிக்கதை போல இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. செருக்குக்குக் கிடைத்த தண்டனையாகச் சிறையை வைத்துவிட்டால், நீதிமன்றம் விடுவித்த மனிதனை நாம் மறுபடியும் தண்டிக்கிறோம். சட்டம் திரும்பப் பெற்ற தீர்ப்பைக் கதை திரும்பப் பெறுவதில்லை. ஆவணப்படம் எடுக்கிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியாது. ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 27ஆம் வயதில் 2011இல் இறந்தார். இந்திய வமிசாவளியைச் சேர்ந்த ஆசிப் கபாடியா அவரைப் பற்றி எடுத்த ‘ஏமி’ என்னும் படம் 2015இல் வெளிவந்தபோது, தம்மைப் பற்றிய சித்திரம் தவறானது என்று அவருடைய தந்தை வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு செய்தி. ஏமிக்கு மறுத்துப் பேசத் தந்தையாவது இருந்தார். பாகவதர் காலத்துக் கலைஞர்கள் பலருக்கு மறுத்துப் பேச இன்று ஒருவரும் இல்லை.

ஆகவே கதையைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ‘சிறையே அவரை வீழ்த்தியது’ என்பது முதல் கூற்று. இதைச் சோதிப்பதற்கு வரலாறே ஒரு துணையை அளித்திருக்கிறது. அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையானவர் என். எஸ். கிருஷ்ணன். அவர் வெளியே வந்து ‘நல்லதம்பி’யில் நடித்தார், ‘மணமகள்’ படத்தை இயக்கினார், 1957இல் மறையும் வரை மக்களின் அன்பைப் பெற்றிருந்தார். சிறை ஒன்றே காரணம் என்றால் இருவரும் ஒருங்கே வீழ்ந்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்தார், மற்றொருவருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. எனவே வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம் திரைப்படக் கலையிலேயே நேர்ந்த மாறுதல். ஒருவர் நடிக்க மற்றொருவர் பின்னணியில் பாடும் முறை 1938இல் ‘நந்தகுமார்’ படத்தோடு தமிழில் தோன்றிப் பையப் பையப் பரவியது. முகத்தையும் குரலையும் பிரிக்க முடியும் என்று ஆனபின், இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒலிவாங்கி நுட்பம் அடைய அடைய மெல்லிய குரலும் போதுமானதாயிற்று. பாட்டு மிகுந்திருந்த படங்களின் இடத்தை வசனம் மிகுந்த படங்கள் பிடித்தன. 1952ஆம் ஆண்டைப் பாருங்கள். பாகவதர் நடித்த ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் அந்த ஆண்டில் வந்தவை. மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் அறிமுகமான ‘பராசக்தி’ வந்ததும் அதே ஆண்டில்தான். மக்கள் பாட்டுக்குக் காது கொடுத்தது போல இப்போது பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். நகைச்சுவை பேச்சின் உறவு. ஆகவே கிருஷ்ணனுக்குப் புதிய காலத்திலும் இடம் இருந்தது. பாகவதருடைய கலையோ போய்க்கொண்டிருந்த காலத்தின் உறவாக இருந்தது.

மூன்றாவது காரணம் அவருடைய சொந்தத் தீர்மானங்கள். விடுதலையானபின் 1948இல் ‘ராஜமுக்தி’ என்ற படத்தைத் தாமே தயாரித்தார். அதுவும் பழைய ராஜ கதையின் சாயலில் அமைந்த படமே. அதில் எம். ஜி. ராமச்சந்திரன் துணை வேடம் பூண்டார், எம். எல். வசந்தகுமாரி பின்னணிப் பாடகியாக அறிமுகமானார். வருங்காலத்துக்கு உரியவர்கள் அவர் படத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். படமோ வெற்றி பெறவில்லை. 1957இல் ‘புதுவாழ்வு’ படத்தைத் தாமே இயக்கினார், அதுவும் கைகொடுக்கவில்லை. நீரிழிவு நோய் உடலை வாட்டியது, கண்பார்வையும் குன்றியது. 1959 நவம்பர் 1ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். ‘சிவகாமி’ என்னும் படம் அவர் மறைந்தபின் 1960இல் வெளியாயிற்று. மொத்தம் அவர் நடித்தவை 14 படங்கள்.

சிறை, காலமாற்றம், சொந்த முடிவு, நோய் ஆகிய நான்கில் எது எவ்வளவு என்று நிறுத்துச் சொல்லத் தராசு கிடையாது. நான்கையும் மறைக்காமல் முன்வைப்பதே நேர்மை. அவ்வாறு வைத்தால், படம் பார்ப்பவருக்கு எளிய நீதி கிடைக்காது; ஒரு மனிதர் கிடைப்பார்.

இன்னும் ஒன்று உண்டு. இதுகாறும் நான் பேசியது பாகவதருடைய புகழ் இறங்கிய கதை. அவருடைய கலையும் இறங்கியதா என்பது தனி வினா. ஆவணப்படங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கலந்துவிடுகின்றன. படங்கள் குறைந்தபின்னும் அவர் மேடைக் கச்சேரிகளை விடவில்லை. கேட்கக் கூட்டமும் குறையவில்லை. இம்மலைக்கு அண்மையிலுள்ள பொள்ளாச்சியில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர் அவர் கச்சேரி செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1950இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் முதன்முதலாகப் பாடிய டி. எம். சௌந்தரராஜன், பாகவதரின் பாணியிலேயே பாடித்தான் திரைக்குள் நுழைந்தார். பின்னர் அவரே சிவாஜி கணேசனுக்கும் எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் குரலானார். பாகவதரின் இடத்தைக் கவர்ந்துகொண்டதாகச் சொல்லப்படும் புதிய காலத்தின் தொண்டைக்குள்ளேயே பாகவதரின் பயிற்சி புகுந்திருந்தது. விற்பனைக் கணக்கில் இது தென்படாது. காது கொடுத்துக் கேட்டால்தான் தென்படும்.

கேட்பதற்கு நமக்கு எஞ்சியிருப்பவை எவை? அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து போவது. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே கதி நேர்ந்தது. பழைய படங்களைக் காப்பதற்கென்று புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964இல்தான். பாகவதர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆனபிறகு. மேகம் மூடியதால் சூரியப் படம் இல்லாத நாட்கள் சில என்றால், நம் அலட்சியம் மூடியதால் இல்லாமற்போன படங்கள் பல. எஞ்சியவை சில படங்கள், கிராமபோன் இசைத்தட்டுகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பழைய பத்திரிகைகள். பாட்டுகளை இன்றும் உயிரோடு வைத்திருப்பதில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. கோடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் பண்பலை வானொலி, உயரத்தின் பயனாகச் சமவெளியில் பல மாவட்டங்களை எட்டுகிறது. பழைய பாட்டு ஒன்று அதில் ஒலிக்கும்போது, வயலில் நிற்பவரும் வண்டி ஓட்டுபவரும் பாகவதரின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ கேட்பதில்லை, குரலைக் கேட்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படம் எதைப் பார்த்தாலும் மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்திக்குச் சான்று எது? எந்தச் செய்தி விடப்பட்டிருக்கிறது? அதே இன்னல் அடைந்த மற்றொருவருக்கு என்ன நேர்ந்தது? மூன்றாவது வினாதான் பாகவதரையும் கிருஷ்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒற்றைக் காரணத்தை உடைத்துக் காட்டியது.

ஆவணம் சேர்ப்பது பெரிய நிறுவனங்களின் வேலை மட்டுமன்று. பாகவதரை மேடையில் நேரில் கேட்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கலாம். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் கொட்டகையில் கேட்டார் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்று அவர் சொன்னால், அந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிடுங்கள்.